உப்புக்குக் காத்திருந்தவை

அக்குரேரியில் பதினொரு மணிக்கும் விடியவில்லை.
தட்டில் ஸ்டுர்லாவின் தோல்.
தபால்தலை அளவு எடுத்தது,
இப்போது உள்ளங்கை அகலம்.
நீராவிக் குழாய் வெடித்ததில்
முதுகு முழுக்கப் போய்விட்டது அவனுக்கு.

கால்சியம் குறைந்திருக்கும்வரை
ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும்,
எந்தச் செல்லும் எதையும் தொடாது.
பிப்பெட்டைச் சாய்க்கிறேன்.
உப்பிட்டவளை அவை நினைக்கப்போவதில்லை.

காத்திருந்த புரதங்கள் சில
அதை மடியில் ஏந்தி உருமாறுகின்றன.
வேறு சில, பட்டதும் விறைத்து
பக்கத்துச் செல்லின் கையைப் பிடிக்கின்றன.
பெருகியது போதும் என்று எங்கோ ஒரு முடிவு.
மேலே ஏறுகின்றன.
ஏறியவை சாகும்.
செத்ததைத்தான்
தோல் என்று தடவுகிறோம்.

அங்கி உரசி என் முழங்கை அரிக்கிறது.
அங்கே வெள்ளிச் செதில்.
அதே புரதக் குடும்பத்தில் ஒன்று
கூடிப்போய்க் கத்துகிறது;
ஒரு மாதம் ஏற வேண்டியவை
நாலைந்து நாளில் ஓடிவந்து உதிர்கின்றன.
சாகக்கூடப் பொறுமையில்லை.

ஹ்ரெப்னா கதவைத் திறந்து,
"ஒட்டிக்கொண்டதா?"

நுண்ணோக்கியில் குனிகிறேன்.
இடைவெளி தெரியவில்லை.
சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு
"பிடித்துக்கொண்டன" என்கிறேன்.