ஏறத்தாழ 336

பெயர்த்தகட்டின் மேல் பெயிண்ட் அடித்திருந்தார்கள்.
மூன்று பூச்சு. மேலே பச்சை, அடியில் சாம்பல்,
அதற்கும் அடியில் காரைக்குடிப் பட்டறையின் வார்னிஷ்.
சுரண்டியதில் கிடைத்தவை
ஒரு 4, ஒரு புள்ளி, பாதி ஆம்பியர்.

"முப்பது எச்.பி.ம்மா" என்றார் மில்காரர் சாத்தப்பன்.
"நாங்க சுத்திக் குடுத்தது நாப்பது" என்றது போனில் பட்டறை.
தவிடு கூட்டிக்கொண்டிருந்த குருவம்மாள் நிமிராமலே சொன்னாள்:
"எதுவோ. போட்டா தெரு முழுக்க லைட்டு மங்கும்."
நான் குறித்துக்கொண்ட முதல் அளவு
அவள் சொன்னதுதான்.

புதுவயலில் காற்றுக்கு எடை உண்டு.
கண்ணிமையில் உமித்தூசி உட்கார
வெர்னியரைத் தண்டில் கவ்வவிட்டேன்.
ஐம்பத்தைந்து மில்லிமீட்டர்.
அந்தத் தண்டுக்கு நாற்பதுதான்.
பட்டறை பொய் சொல்லவில்லை.

எச்.பி.க்கு ஒன்று புள்ளி நாலு ஆம்பியர்,
ஆக ஐம்பத்தாறு.
அது ஓடும்போது தின்பது.
கிளம்பும்போது ஆறு மடங்கு.
காலிச் சாக்கில் சாக்பீசால் எழுதினேன்: 336.
எழுதிவிட்டு, இருந்த இடைவெளியில் நெருக்கி,
முன்னால் ஓர் 'ஏறத்தாழ'.

"ஆறு மடங்கா?"
கண்ணாடி நெற்றிக்கு ஏறியது.
"பர்மாவுல எங்க ஐயாகூட இந்த வட்டி வாங்கினதில்லம்மா."

வட்டி இல்லண்ணே.
நிற்கிற மோட்டாருக்கு மறுக்கத் தெரியாது.
உள்ளே இருப்பது சுற்றிவைத்த செம்பு, அவ்வளவுதான்;
மூன்று கம்பியில் வருவதையும்
அப்படியே விழுங்கும்.
சுழலச் சுழலத்தான் அதற்குள்
ஓர் எதிர்ப்பு ஊறி வந்து
வருகிற மின்சாரத்தை வாசலில் நிறுத்தி
இம்புட்டுப் போதும் என்று சொல்லும்.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே
லைசென்ஸ் வாங்கிய முதல் வருஷம் நினைவில் வந்தது.
கல்லல், கோட்டையூர், பள்ளத்தூர்,
கூப்பிட்ட வீட்டுக்கெல்லாம் ஓடினேன்.
பாதிப் பேர் காசு தரவில்லை.
அதை அவரிடம் சொல்லவில்லை.

எதிர் மாடியில் பல் டாக்டர் மதுரவல்லி.
மில் கிளம்பும் ஒவ்வொரு தடவையும்
அவள் கையில் டிரில் திணறுகிறது.
ஒருமுறை ஒரு கடைவாய்ப் பல்லின் பாதியில் நின்றே போயிற்று.
மின்வாரியத்துக்கு எழுதியவள் அவள்தான்.
நான் வந்ததே அந்தக் கடிதத்தால்.

ஸ்டார்ட்டரைத் திறந்தேன்.
ஸ்டார்-டெல்டாதான்.
ஸ்டார் காண்டாக்டர் எப்போதோ கருகியிருக்கிறது;
யாரோ ஒரு கெட்டிக்காரர்
டெல்டாவுக்கே நேராக வயர் இழுத்துவிட்டு
மூடியைத் திருகிப் போயிருக்கிறார்.

புதுசு மாட்டினேன். இனி மூன்றில் ஒரு பங்கு.
நூற்றுப்பன்னிரண்டு.
அதையும் சாக்கில் எழுதி, கீழே கோடு.

பட்டனை அமுக்கச் சொன்னேன்.
கிளாம்ப் மீட்டர் 97 காட்டிவிட்டு இறங்கியது.
நம்பவில்லை.
உச்சம் என்பது
மீட்டர் கண் திறப்பதற்குள் தெருமுனை தாண்டிவிடும்;
திரையில் தெரிவது அதன் முதுகு.
அதற்குத்தான் கணக்கு.
அதற்குத்தான் அந்த 'ஏறத்தாழ'.

வெளியே நின்று டியூப்லைட்டைப் பார்த்த குருவம்மாள்
"மங்குது. முன்ன மாதிரி இல்ல" என்றாள்.

கையுறையோடு இறங்கி வந்தாள் மதுரவல்லி.
"எவ்வளவு நேரம்?"
ஸ்டாரில் ஏழு விநாடி.
அப்புறம் டெல்டாவுக்குத் தாவும், அப்போது ஒரு சின்ன உதை.
"சின்னன்னா?"
எனக்குச் சொல்லத் தெரியவில்லை.
அதற்கு என்னிடம் மடங்கு இல்லை.

கடைசியில் ஒப்பந்தம் இப்படி முடிந்தது:
கிளப்பும் முன் மில்லிலிருந்து இரண்டு மிஸ்டு கால்.
அவள் டிரிலை வெளியே எடுத்து
வாய் கொப்பளிக்கச் சொல்லுவாள்.
"ஏழு விநாடி துப்பப் பத்தும்" என்றாள்.

மறுநாள் பில்லோடு போனேன்.
சாக்கைக் காணோம்.
குருணை நிரப்பித் தைத்து
ராத்திரியே லாரி ஏற்றிவிட்டார்களாம்.
அறந்தாங்கிப் பக்கம் ஏதோ ஒரு கடை வாசலில்
என் கையெழுத்தில் 336 நின்றுகொண்டிருக்கும்.
விலை என்று நினைத்து
யாராவது பேரம் பேசக்கூடும்.