நிகர எடை

லாரி மேடையில் ஏறும்போது
இரும்புப் பலகை கொஞ்சம் முனகும்.
முப்பத்திரண்டாயிரத்து நானூற்று அறுபது.
மூட்டை இறக்கிவிட்டுத் திரும்பி ஏறும்.
பத்தாயிரத்து நூற்று இருபது.
கழித்தால் வருவதுதான் நெல்.
வண்டிக்கு யாரும் விலை தருவதில்லை.

புதுவயல் மில்லில் ஆறு வருசமாக
இந்தக் கழித்தல்தான் என் சம்பளம்.
ராத்திரி ஷிப்டில் இரண்டு லாரிக்கு நடுவே
ஒன்றரை மணி நேரம் சும்மா கிடக்கும்.
தவிட்டுத் தூசி படிந்த செல்போனில்
எங்கோ இருக்கும் ஒரு பேராசிரியர்
தேய்மானம் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார்.
எனக்கு அறந்தாங்கி வண்டியின்
வழுக்கை டயர்தான் ஞாபகம் வரும்.

பாடம் இலவசம்.
பரீட்சைக்கு மட்டும் ஆயிரம்.
பாஸானால் மூன்று கிரெடிட்
என் பெயரில் ஏறிவிடும்,
கல்லூரி வாசலை நான் மிதிக்கும் முன்பே.

அம்மாவிடம் சொன்னேன்,
'மூணு கிரெடிட் வாங்கிருக்கேன்.'
பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டுக் கேட்டாள்:
'யாருகிட்டடி? வட்டி என்ன?'
எங்கள் பக்கம் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் கிடையாது.
கடன் இல்லம்மா, வரவு என்றேன்.
'வரவுன்னா ஆயிரம் ரூவா எப்படிப் போச்சு?'
அதற்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை.

காரைக்குடியில் தேர்வு மையம்.
ஏசி குளிரில் நாற்பது கம்ப்யூட்டர்.
பக்கத்துப் பையன் கழுத்தில் அடையாள அட்டை,
அவன் காலேஜ் பஸ்ஸிலேயே வந்திறங்கியவன்.
என் ஹால்டிக்கெட்டில்
அழகுநாச்சி என்ற பெயருக்குக் கீழே
கல்லூரி என்ற கட்டத்தில் ஒரு கோடு.
'எந்தக் காலேஜும்மா?' என்றார் மேற்பார்வையாளர்.
'இன்னும் இல்ல சார்.'
அவர் அந்தக் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

மூன்றாவது பரீட்சை புள்ளியியல்.
முப்பத்தேழு.
நாற்பது வேண்டும்.
மூன்று மார்க் குறைந்ததற்கு
எழுபத்தைந்து ரூபாய்தானே போயிருக்க வேண்டும்?
முழுசாகப் போனது.
மேடையில் வண்டியை நிறுத்திவிட்டு
டிரைவர் அருள்தாஸ் எட்டிப் பார்த்தார்.
'என்ன பாப்பா, மூஞ்சி காலி வண்டியாட்டம் இருக்கு?'
சீட்டைக் கிழித்து நீட்டினேன்.
அடுத்த தடவைக்கு மறுபடி ஆயிரம் கட்டினேன்,
அம்மாவுக்குச் சொல்லாமல்.
ஐம்பத்தெட்டு.

ஜூன் மாதம். பி.காம். விண்ணப்பத்தோடு
ஐந்து சான்றிதழையும் ஜன்னலுக்குள் நீட்டினேன்.
கவுண்டர்க்காரர் இரண்டு தரம் புரட்டினார்.
'நீங்க இன்னும் சேரவே இல்லையே.
அப்புறம் எப்படிப் பாஸ் பண்ணீங்க?'

லோடு ஏத்திட்டுத்தான் சார்
மேடைக்கு வருவாங்க, என்று வாய்வரை வந்தது.
'ராத்திரியில படிச்சேன்' என்றேன்.

உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தார்.
நாலு பாடத்தைக் கழித்துக்கொள்ளலாம்.
அதற்குப் பரீட்சையும் இல்லை, பீஸும் குறையும்.
ஒன்று மட்டும் ஆகாது, அவர்கள் பாடத்திட்டத்தோடு
பொருந்தவில்லையாம்.
எது என்று கேட்கவில்லை. தெரிந்துவிட்டது,
இரண்டு தரம் காசு கட்டியது எதுவோ அதுதான்.
ஈரத்துக்கு என்று மூட்டைக்கு இத்தனை கிலோ
எங்கள் மில்லிலும் கழிப்பார்கள்.
விவசாயி வானத்தைப் பார்த்துக்கொண்டு
கையெழுத்துப் போடுவார்.
நானும் போட்டேன்.

அன்றிரவு மூன்றரைக்குக் கடைசி வண்டியும் போனபின்
செருப்பைக் கழற்றிவிட்டு
மேடை நடுவில் போய் நின்றேன்.
ஆஸ்பத்திரி மெஷினில் நான் நாற்பத்தேழு.
எங்கள் மேடைக்குப் பத்துப் பத்தாகத்தான் எண்ணத் தெரியும்.

ஐம்பது என்று காட்டியது.

மூன்று கிலோ கூட.
திருத்தாமல் நின்றுகொண்டிருந்தேன்.