மேலதிக வீராங்கனை

பெயர்ப் பட்டியலில் ஐந்தாவதாக
அடைப்புக்குறிக்குள் இருந்தேன் நான்.
நாலு பேர் ஓடும் அஞ்சலோட்டத்தில்
ஒருத்திக்குக் கால் சுளுக்கினால்தான்
எனக்கும் கால் இருப்பது வலயத்துக்குத் தெரியவரும்.
ஒருத்திக்கும் சுளுக்கவில்லை.

தண்ணீர்ப் போத்தல், சீப்பு, ஊசிப்பின்,
எட்டுப் பேரின் சாப்பாட்டுப் பார்சல்
எல்லாம் என் மடியில்.
மக்கெய்சர் மைதானத்தில் பத்துமணி வெயில்
சுண்ணாம்புக் கோட்டில் பட்டுக் கண்ணைக் குத்தியது.

யதுர்சிகா நீளம் பாய்தல்.
கும்புறுப்பிட்டியில் மணலுக்குப் பஞ்சமில்லை,
அளவுநாடாவுக்குத்தான்.
அவள் அப்பாவின் பழைய வலைக்கயிற்றில்
அரை மீற்றருக்கொரு முடிச்சுப் போட்டுக்
கடற்கரையில் அளந்தோம்.
ஒன்பதாம் முடிச்சை அவள் தாண்டிய பின்னேரம்
நண்டு வளைக்குள் என் கால் போய்
சிரித்த சிரிப்பில்
எவ்வளவு தாண்டினாள் என்று பார்க்க மறந்துபோனோம்.

அவளுக்கு ஓட்டம் வரும், மிதி வராது.
பலகைக்கு முன்னால் தடுமாறுவாள்,
இல்லாவிட்டால் தாண்டி மிதித்துச் சிவப்புக்கொடி வாங்குவாள்.
நான் சங்கீதம் எடுத்தவள்.
ஆதி தாளம், இரண்டு ஆவர்த்தனம்,
பதினாறு அடி ஓடு,
அடுத்த சமத்தில் மிதி என்றேன்.
விளையாட்டுக்கு எங்களிடம் ஆசிரியர் இல்லை, வெற்றிடம்;
பொறுப்பாக வந்த விஞ்ஞான சேர்
இது எந்தப் புத்தகத்தில் இருக்கு என்று கேட்டார்.

மூன்றாவது பாய்ச்சல்.
கயிற்றுக்கு வெளியே நின்று
தொடையில் போட்டேன், விரைவாக:
தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல்,
தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு.
நடுவர் திரும்பி முறைத்தார்.
பதினேழாவது எண்ணிக்கையில்
அவள் தரையில் இல்லை.

நாலு மீற்றர் எண்பத்திமூன்று.
வலயத்தில் முதலாமிடம்.

"நீ வைச்சிரு, நான் கசக்கிப்போடுவன்"
என்று சான்றிதழை என்னிடம் தந்தாள்.
மிஞ்சிய ஒரு பார்சலோடு
சொப்பிங் பேக்கில் சுருட்டி வைத்தேன்.
பஸ் நிலையத்தில், புல்மோட்டை பஸ் வருதா என்று
எட்டிப் பார்த்தேன். அவ்வளவுதான்.
ரவுணில் திரியும் மான் ஒன்று
சோற்றைத் தட்டிக் கொட்டிவிட்டு
கடதாசியைத் தின்றுகொண்டிருந்தது,
அவசரமே இல்லாமல்,
பணிப்பாளரின் கையொப்பத்திலிருந்து மேல்நோக்கி.
பிடுங்கி எடுத்ததில் மிஞ்சியது
'சிகா' என்ற இரண்டு எழுத்தும் கொஞ்ச எச்சிலும்.
நான் அழுதேன்.
அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு
நடைபாதையில் குந்திவிட்டாள், சிரித்து.

பிரதி கேட்டு அதிபர் கடிதம் எழுதினார்.
வலயம் பொலிஸ் முறைப்பாடு கேட்டது.
பொலிஸ், எங்கே தொலைந்தது என்று கேட்டது.
தொலையவில்லை என்றேன்.
களவா?
இல்லை. மான்.
எழுதிக்கொண்டிருந்தவர் பேனையை வைத்துவிட்டு
உள்ளே போய் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிவந்தார்.
திரும்பவும் முதலிலிருந்து சொல்லச் சொன்னார்கள்.

நாற்பது நாளில் பிரதி வந்தது,
அவள் பெயரில் ஓரெழுத்துக் குறைவாக.
காலைக் கூட்டத்தில் கைதட்டல் ஓய்ந்த பிறகு
தரம் ஆறு வரிசையில் ஒரு கீச்சுக் குரல்: "மான்!"
பாய்ந்தவளைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்தேன்.
எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியிருந்தது.

ஓட்டமே ஓடாத எனக்கு
இப்போது கன்ரீன் வரைக்கும் அதுதான் பெயர்.

மாகாணப் போட்டிப் பட்டியல்
அலுவலகக் கதவில் ஒட்டியிருக்கிறது.
நீளம் பாய்தலுக்கு ஒருத்திதான்,
மேலதிகம் யாரும் தேவையில்லையாம்.
"அப்ப தாளம் ஆர் போடுறது, சேர்?"
என்கிறாள் யதுர்சிகா.
சேர் பட்டியலைப் பார்க்கிறார்,
என்னைப் பார்க்கிறார்,
சட்டைப்பையில் பேனை தேடுகிறார்.