வலப்பக்கத் தோள்

பாண் வேலை முடிந்து நேரே வந்திருந்தேன்.
சட்டைக்கை மடிப்பில் இன்னும் மா.
தூன் நகரில், ஆற்றை ஒட்டிய கராஜில்
என் அறுநூறு சிசி நீலம்
லாடம் அடிக்க வந்த குதிரைபோல்
பின்கால் தூக்கி நின்றது.

ஏஷ்லிமான் சக்கரத்தை மெல்லச் சுற்றினார்.
நடுவே தட்டை.
ஒரு கோப்பை தேத்தண்ணி வைக்கலாம், சிந்தாது.
"நெடுஞ்சாலை," என்றார்.
ஓம். தூனிலிருந்து பேர்ன், பேர்னிலிருந்து தூன்,
கிழமைக்கு ஐந்து நாள்,
போகும்போது மூன்றரை மணி இருட்டு.

பிறகு விளிம்புக்கு வந்தார்.
இடப்பக்கத் தோள்
கடைசி நூல்வரை உரசிச் சுருண்டு
வேலை செய்த கைபோல் இருந்தது.
வலப்பக்கம் இரண்டு விரல் அகலத்துக்கு
வாங்கிய நாளின் மினுக்கம்
கலையவே இல்லை.

அவர் பார்த்தார். நானும் பார்த்தேன்.
"வலது வளைவு பிடிக்காதா?"

போன ஆவணி. சூஸ்டன் கணவாய்.
பனி உருகித் தெருவுக்குக் குறுக்கே ஒழுகிய ஒரு முழ ஈரம்.
பின்சக்கரம் என்னை விட்டுவிட்டுத்
தான் மட்டும் போனது.
முழங்கையில் எட்டுத் திருகாணி.

பேக்கரிப் படியில் வழுக்கியதாக நித்திலனிடம் சொன்னேன்.
பைக்கின் கீறலுக்கு வேறு கதை:
தரிப்பிடத்தில் யாரோ தட்டிவிட்டுப் போய்விட்டார்களாம்.
இரண்டும் நன்றாகத்தான் நின்றன.
அதற்குப் பிறகு மாட்டிய இந்த ரயருக்குக்
கதை சொல்லிக்கொடுக்க மறந்துபோனேன்.

மேசையில் மூன்று தெரிவு.

முதலாவது பந்தயத் திடலுக்கானது.
வெட்டுகள் அதிகமில்லை, கிட்டத்தட்ட வழுக்கை மண்டை.
சூடேறினால் தாரை நக்கும்,
சூடேறாவிட்டால் சவர்க்காரக் கட்டி.
காலை மூன்றரைக்கு யார் சூடாக இருக்கிறார்கள்?
ஆனாலும் அழகு என்றால் அதுதான் அழகு.
கை அதிலேயே கொஞ்ச நேரம் நின்றது.

இரண்டாவது பத்தாயிரம் கிலோமீட்டர் உழைக்கும்,
மழைத் தண்ணி ஓட வாய்க்கால் வாய்க்காலாய்.
என் மாமியார் எனக்கு வாங்கித் தரும்
சப்பாத்துகள் இந்தச் சாதி.

மூன்றாவது நடுவில் வன்மை, தோளில் மென்மை.
சோடி நானூற்று இருபது பிராங்க்,
பூட்டுக்கூலி வேறு.
பக்கச் சுவரில் நாலு இலக்கம் தேடினேன்,
எத்தனையாம் கிழமை, எந்த ஆண்டு.
பதினோராம் கிழமை, இந்த ஆண்டுதான்.
மா மூட்டையிலும் இப்படித்தான் முதலில் திகதி பார்ப்பேன்.

கையை எடுத்தபோது
கறுப்பில் வெள்ளையாய் என் உள்ளங்கை.
"நிலத்தில் படுவது அவ்வளவுதான்," என்றார் ஏஷ்லிமான்,
"முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று."
அதற்கு மேலே
நூற்றுத்தொண்ணூறு கிலோ இரும்பு,
ஐம்பத்தாறு கிலோ நான்,
எட்டுத் திருகாணி.

"இது," என்றேன்.

பழையதைக் கழற்றிச் சுவரோடு சாத்தினார்.
கழிவுக் கட்டணம் ஐந்து பிராங்க்.
வலப்பக்கத் தோள் கடைக்கு வருகிற எல்லோருக்கும் தெரிய
நின்றது.
அவர் ரசீது எழுதும் நேரத்தில் போய்
மறுபக்கமாய்த் திருப்பி வைத்தேன்.

"முதல் நூறு கிலோமீட்டர் சாய்க்க வேண்டாம்.
புதுத்தோல் வழுக்கும்."
சாய்க்காமல் ஓட்டுவதில் எனக்கு
ஓராண்டு அனுபவம் உண்டென்று
சொல்லவில்லை.

வெளியே தூறல் தொடங்கியிருந்தது.
வாசலில் இடப்பக்கம் திரும்பினால்
வீடு நாலு நிமிடம்,
நித்திலன் சோறு போட்டிருப்பான்.
வலப்பக்கம் என்றால்
ஏரியை வலக்கையில் பிடித்துக்கொண்டு முழுச் சுற்று,
ஒன்றரை மணித்தியாலம்,
வளைவுக்கு மேல் வளைவு, எல்லாம் பெரும்பாலும்
அந்தப் பக்கத்தவை.

புது ரப்பரின் மயிர்கள்
ஈரத் தாரில் கூசிக்கொண்டிருந்தன.
வலப்பக்க விளக்கைப் போட்டேன்.
அது மினுங்கிக்கொண்டே இருந்தது.
பின்னால் ஒரு பேருந்து வந்து நின்று
ஒலி எழுப்பாமல்
காத்திருந்தது.