சுவர்ப் பக்கம்

வலப்பக்கம் சரிந்தால் இடது மூக்கு திறக்கும்.
இடப்பக்கம் சரிந்தால் வலது,
திறப்பதுபோல் பாசாங்கு காட்டிவிட்டுக்
கால் மணித்தியாலத்தில் கதவைச் சாத்தும்.
நிமிர்ந்தால் இரண்டும் இல்லை,
வாய்தான்.
வாயால் விட்ட மூச்சில் தொண்டை காய்ந்து
ஒன்று நாற்பதுக்கு எழும்புகிறேன்.

ஆகவே வலப்பக்கம்.
வலப்பக்கம் சுவர்.

பதினொரு வருடமாய் இந்தச் சுவரை எனக்குத் தெரியும்.
தலைமாட்டில் சுண்ணாம்பு வெடித்து
ஆற்றுவாய் வரைக்கும் போகிற ஒரு கோடு.
கோட்டின் முடிவில் ஆணி அடித்த ஓட்டை.
முதுகுக்குப் பின்னால் ஹிதாயா தூங்குகிறாள்.
அவள் மூச்சு நேரம் தவறாமல் போய் வருகிறது.
கல்முனை பஸ் இப்படி ஓடினால் எவ்வளவு நல்லது.

சம்மாந்துறை மில்லில் நான் நெல் நிறுக்கிறவன்.
வெட்டுக் காலத்தில் எங்களுக்கு
வெயிலும் உமி நிறம்தான்.
முன்பெல்லாம் சாக்கு வாயில் மூக்கை வைத்து
ஈரம் இவ்வளவு என்பேன்.
மீற்றரும் அதையே சொல்லும்.
இப்போது மறைவாய் ஒரு மணியைப்
பல்லில் கடித்துப் பார்க்கிறேன்.
முதலாளிக்குத் தெரியாது.
"யாருக்கிட்டயும் மூச்சு விட்டிராத"
என்றேன், மூட்டை தூக்கும் ரஸ்மினிடம்.
"நீங்க விடுற மூச்சுத்தான் காக்கா
மில் முழுக்கக் கேக்குது" என்றான்.

கிளினிக்கில் நாற்பத்தேழாம் நம்பர்.
டொக்டர் எக்ஸ்ரேயை
ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.
"கன்னத்துக்குள்ள இருக்கிற அறை இது.
காத்து நிக்கிற இடம், கறுப்பாத் தெரியணும்.
உங்களுக்கு வெள்ளையா இருக்கு."
எனக்குள் வெளிச்சமாய்த் தெரிவதுதான் வருத்தம் என்று
நாற்பத்திரண்டு வயதில் அறிந்தேன்.
"மில்ல விட ஏலுமா?"
மாஸ்க் போடுகிறேன் என்றேன்.
போட்டால் இருக்கிற மூச்சும் முட்டும் என்பதைச்
சொல்லவில்லை.

உப்புத் தண்ணீரை ஒரு பக்கம் ஊற்றி
மறுபக்கம் வடிய விடுகிறேன்,
வயலுக்கு வாய்க்கால் வெட்டுகிறவன் மாதிரி.
சில நாள் பாயும்.
சித்தாலேப பூசிய நெற்றியில்
எரிவு மட்டும் மிச்சம்.
நொச்சி இலை கொதிக்கும் சட்டிக்கு மேலே
போர்வையை மூடிக் குனிந்திருக்கும்போது
ஒரு ஐந்து நிமிடம்,
அவ்வளவுதான்,
மணம் என்ற ஒன்று திரும்பி வரும்.
முதலில் நொச்சி.
பிறகு போர்வையில்
ஹிதாயாவின் தேங்காயெண்ணெய்.
சட்டி ஆறியும் நான் வெளியே வருவதில்லை.

தூக்கம் கெட்டவன் கணக்கு நில்லாது.
அறுபத்து நாலை நாற்பத்தாறு என்று எழுதி
பதினெட்டுக் கிலோவுக்கான காசை
என் பையிலிருந்து கட்டினேன்.
தேத்தண்ணிக் கோப்பைக்குள் கரண்டி சத்தம் போட்டதென்று
மகளை ஏசினேன்.
அவள் அன்றிலிருந்து
சீனியை விரலால் கலக்குகிறாள்.

நேற்று லொறி பிந்தி வந்தது.
பதினொன்றரைக்கு வீட்டுக்குள் நுழைந்தால்
ஹிதாயா சுவரோரம் படுத்திருக்கிறாள்.
"வெக்கையா இருக்கு. சுவர்தான் குளிர்.
நீங்க இந்தப் பக்கம் படுங்க."
வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது.

வலப்பக்கம் சரிந்தேன்.
வெடித்த சுண்ணாம்பு இருந்த இடத்தில்
அவள் நெற்றி.
இடது மூக்கு கொஞ்சம் திறந்தது.
எண்ணெய் மணக்கவில்லை, பொய் சொல்லமாட்டேன்.

ஒன்று நாற்பது.
தொண்டை காய்ந்து கண்ணைத் திறந்தால்
அவள் கண்கள் திறந்திருக்கின்றன.
மூச்சு மட்டும்
அதே சீராய்ப் போய் வருகிறது.
"எப்ப இருந்து முழிச்சிருக்கா?"
"நீங்க எழும்புற நேரந்தான்.
எப்பவும்."

தூங்குகிறவர் மூச்சு அத்தனை அளவாய் இருக்காது.
ஒரு மூட்டைபோல் மறு மூட்டை நிறுக்காதென்று
ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான்.

சுபஹுப் பாங்குக்கு இன்னும் மூன்று மணித்தியாலம் இருந்தது.
அவள் எழுந்துபோய்க் கேத்தலை வைத்தாள்.
நான் மூக்கைச் சிந்தினேன்,
பதினொரு வருடத்தில் முதல்முறையாக,
சத்தமாக.