எதிர்ப்பக்கம்

பால்கனியில் நின்றால்
திம்மராயன் கடைப் பலகையை எழுத்துக்கூட்டிப் படிக்கலாம்.
நடுவில் ஆறு வழிச்சாலை.
ஒரு கொத்துமல்லிக் கட்டுக்கு
குருபரப்பள்ளிப் பாலம்வரை போய்த் திரும்பி
ஆறு கிலோமீட்டர்.
அதற்குக் கிருஷ்ணகிரிக்கே போய்விடுவோம்.

"இனிமே எங்க வேணும்னாலும் போகலாம் சார்"
என்றுதான் சாவியைக் கொடுத்தார்கள்.
சாவி இல்லாமல் எங்கும் போக முடியாது
என்பதை அப்படியும் சொல்லலாம்போல.

நேற்று வண்டி சர்வீஸில்.
அரளிகளுக்கு நடுவே
யாரோ வளைத்துவைத்த கம்பி.
பதினொரு ஓசூர் லாரிகளைப் போகவிட்டு,
மீடியனில் மூச்சு வாங்கி,
மறுபடி ஓடினேன்
நாற்பத்தாறு வயதில், லுங்கியோடு.
ஒரு செருப்பு அரளியடியிலேயே நின்றுவிட்டது.

திம்மராயன் கல்லாவிலிருந்து நிமிர்ந்தார்.
"அந்த மாடிக் கொடியில
இந்த லுங்கிய ரெண்டு வருஷமாத் தெரியும்.
ஆளை இன்னிக்குத்தான் பாக்கறேன்."