ஆறு விநாடி

அரியர் பணம் வந்ததும்
ரெண்டு பவுன் எடுத்துவிடலாம் என்றார் வீட்டுக்காரர்.
நானும் மஞ்சளாகத்தான் வாங்கினேன்.
பித்தளை. இரண்டரைக் கிலோ.
என்னைவிடப் பதினோரு வயது மூத்த சாக்ஸபோன்.

கோரிப்பாளையம் செலஸ்டின் கடையில்
உறுப்பு உறுப்பாகக் கழற்றிச்
செய்தித்தாளில் பரப்பியிருந்தபோது
நண்டு தின்று எழுந்த இலை மாதிரி கிடந்தது.
இருபத்தைந்து மூடிகளுக்கும் புதுத்தோல்,
கழுத்துக்குத் தக்கை, ஊசி ஊசியாய் ஸ்பிரிங்.
அடிவயிற்றுச் சொட்டையை மட்டும் தொடவில்லை.
"எடுக்கலாம். எடுத்தா அது வேற ஆளாயிரும்."
ஊதுவாயில் யாருடையதோ பல்தடம்.
அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை.

பெரியாஸ்பத்திரியில் எனக்கு வேலை
அடுத்தவர் மூச்சை அளப்பது.
மூக்கில் கிளிப் மாட்டி
குழாயைக் கவ்வக் கொடுத்துக்
கத்த வேண்டும்:
இழுங்க இழுங்க, ஊதுங்க, விடாதீங்க,
இன்னும் இன்னும் இன்னும்
ஆறு விநாடி.
பதினேழு வருஷம் கத்தியிருக்கிறேன்.
நாலாம் விநாடியில் விட்டவர்களைச்
சோம்பேறி என்று நினைத்திருக்கிறேன்.
ஒருவரிடம் சொல்லியும் இருக்கிறேன்.

செல்லூரில் எங்கள் மாடிக்கு எதிரே விசைத்தறிக் கூடம்.
சடக்கு சடக்கென்று நாலு தறி.
குடிவந்த புதிதில் தூக்கம் போச்சென்று அழுதவள்
இப்போது அந்தச் சத்தத்தின் மறைவில்தான்,
கொடியில் தொங்கும் சேலைக்குப் பின்னால்
உடை மாற்றுகிறவள் போல,
ஊதிப் பழகுகிறேன்.

நாணல் சீவல் நாக்கில் கரும்புச்சக்கை.
கீழுதட்டின் உட்புறம் பல் பதிந்து புண்.
முதல் சுரத்துக்கு ஒரு விரல் போதுமாம்.
எனக்கு வந்தது
குக்கர் விசிலுக்கும் துருப்பிடித்த கேட்டுக்கும்
நடுவில் ஏதோ ஒன்று.
அடிச்சுரம்தான் பிடிவாதக்காரி.
சுண்டுவிரல்வரை எல்லாம் மூடி ஊதினால்
ஒரு கனைப்புக் கனைத்துவிட்டு
மேலே தாவி ஓடிவிடுவாள்.
கண் இருட்டிக் கட்டிலில் உட்காருவேன்.
அந்நேரம் யாராவது வந்து
இன்னும் இன்னும் என்று கத்தியிருந்தால்
அறைந்திருப்பேன்.

ஆவணியில் ஒரு செவ்வாய், கரண்ட் போனது.
நாலு தறியும் சட்டென்று நின்றன.
நான் நிற்கவில்லை. கண்ணை மூடியிருந்தேன்.
என் சத்தம் மட்டும்
விளக்கில்லாமல் தெருவில் நடந்துபோனது.
எதிர் இருட்டிலிருந்து சோணைமுத்து:
"யக்கா, எருமை ஈனுதா?"
கூடமே சிரித்தது. அவனும் சிரித்தான்.
சிரிப்பு இருமலாகி
இருமல் நிற்காமல்
அடியிலிருந்து நீளமாக.
பஞ்சுத்தூசி இருமல்.
திரையில் கோடு எந்த இடத்தில் குழியும் என்று
இங்கிருந்தே எனக்குத் தெரியும்.

மூன்று தடவை சொன்ன பிறகு
ஒரு வியாழக்கிழமை வந்தான்.
கிளிப் மாட்டிய மூக்கோடு
திருவிழாவில் தொலைந்த பிள்ளைபோல் பார்த்தான்.
கத்த வாயெடுத்தேன், வரவில்லை.
"உதட்டை இறுக்காத. தோளை விடு.
அடிவயித்துலருந்து வரட்டும், அதுவா வரும்" என்றேன்,
எனக்கே அதுவாய் ஒருநாளும் வந்ததில்லை என்பதைச் சொல்லாமல்.
நாலரை விநாடி.
"போதுமாக்கா?"
"போதாது. தண்ணி குடி. மறுபடி."

இன்று மூன்று தறிதான் ஓடுகிறது.
மாத்திரை, உறிஞ்சும் மருந்து, பத்து நாள் லீவு.
ஓனர் முணுமுணுத்தாராம்.
நான் எல்லா விரலையும் மூடினேன்.
சொட்டை தொடையில் சில்லென்று பட்டது.
வந்தாள்.
காலிச் சிலிண்டரை மொட்டைமாடியில் உருட்டினாற்போல்
கரகரவென்று வந்தாள்.
கட்டில்கால் அதிர்ந்தது.
எதிர் வீட்டு ஜன்னலில்
வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு அவன்.
எண்ணிக்கொண்டிருந்திருக்கிறான்.
இரண்டு விரல் காட்டினான்.

கஞ்சப்பயல்.
மூன்று இருக்கும்.